இருபது யானைகளும் ஒரு பின்காலும்

ஜூன் 3, செவ்வாய்

ஒட்டகச்சிவிங்கி இன்றும் என்னைத் தோற்கடித்துவிட்டது. மூன்று ரம்பப் பிளேடு உடைந்தது. மூன்றும் கழுத்து வளைவில்தான். பிளேடு என்றால் நூல் தடிமன். செங்குத்தாக நின்று மேலும் கீழும் துள்ளும். அதைத் திருப்ப முடியாது, மரத்தைத்தான் திருப்ப வேண்டும். பொறுமையாகத் திருப்பினால் வெண்ணெயில் போவது மாதிரிப் போகும். கொஞ்சம் அவசரப்பட்டால் – டப்.

நான்காவது பிளேடில் எப்படியோ முடித்துக் கையில் தூக்கிப் பார்த்தேன். கழுத்து பாதியில் ஒடிந்து மடியில் விழுந்தது. மரத்தின் ரேகை கழுத்தின் நீளத்தோடு ஓடியிருக்க வேண்டும். நான் குறுக்கே ஓடும்படி படத்தை ஒட்டியிருக்கிறேன்.

தங்கை பால்கனிக் கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு வாயால அறுக்க வராது. அதுக்குத்தான் மிஷின் வாங்கியிருக்கே" என்றாள். இவள் வாயால் அறுப்பதில் பட்ட மேற்படிப்பு முடித்தவள். வீட்டில் அவளுக்குப் பெயர் வானொலி. எனக்கு அமுக்குணி.

முதல் சம்பளத்தில் இந்த ஸ்க்ரோல் ரம்பத்தை வாங்கினேன். நான் ஒரு ஃபோன் வாங்குவேன் என்று அம்மா நினைத்தாள். தனக்கு ஒரு ஃபோன் வாங்குவேன் என்று தங்கை நினைத்தாள். பெட்டியைப் பிரித்தபோது இருவர் முகமும் ஒரே மாதிரி இருந்தது. "படிச்ச பொண்ணு மரம் அறுக்கறேங்கறா" என்று அம்மா அப்பாவிடம் முறையிட்டாள். நூலகத்தில் கிழிந்து வந்த ஒரு கைவேலைப் புத்தகத்தை ஒட்டும்போது பார்த்தது. ஆறேழு துண்டாகப் பிரிகிற, சேர்த்தால் தானே நிற்கிற மர விலங்குகள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

கீழ்வீட்டு மாமா தன் வீட்டுக் கூரையைத் துடைப்பக் கட்டையால் இரண்டு தட்டு தட்டினார். இரண்டு என்றால் 'போதும்'. மூன்று என்றால் 'மேலே வருவேன்'. மூன்று இதுவரை வந்ததில்லை.

ஜூன் 4, புதன்

நூலகத்தில் இன்று ஒரு முழு வாக்கியம்கூடப் பேசவில்லை. 'உம்' மட்டும் பதினோரு தடவை.

ஜூன் 5, வியாழன்

நூலகர் மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

என் ஆறு மாதத் தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக எடுக்கலாமா வேண்டாமா என்று முப்பதாம் தேதி அவர் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். புத்தக ஒட்டு நன்றாக இருக்கிறதாம். அடுக்குவது நன்றாக இருக்கிறதாம். அட்டவணையில் ஒரு பிழை இல்லையாம்.

"ஆனா நூலகத்துக்குப் புத்தகம் மட்டும் வர்றதில்லம்மா, மனுஷங்களும் வர்றாங்க. யாராவது உன்கிட்ட வந்து நின்னா நீ அலமாரிக்குப் பின்னால போயிடறே. நான் என்னன்னு எழுதறது?"

சனிக்கிழமைகளில் நடக்கும் குழந்தைகள் நேரத்தை இனி நான் நடத்த வேண்டும். அதைப் பார்த்துவிட்டு எழுதுவார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அன்பாகச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டமளிப்புப் படம் முன்னறையில் சற்றுக் கோணலாகத் தொங்குகிறது. அப்பா மேசை நாற்காலிக் கடையில் வேன் ஓட்டுகிறார். சாமான் இறக்கும் வீடுகளில் எல்லாம் "என் பொண்ணு நூலகத்துல இருக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாராம். அந்தப் பெண் நூலகத்தில் எந்த இடத்தில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

இருமல் என்று லீவு போடலாமா? எத்தனை சனிக்கிழமை இருமுவது?

ஜூன் 7, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

பதினாறு குழந்தைகள். பாயில் அரைவட்டமாக. முப்பத்திரண்டு கண். ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தேன். எனக்கே கேட்கவில்லை. "சத்தமா படிங்கக்கா." படித்தேன். "அக்கா, கேக்கல." படித்தேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. புத்தகத்தை இறக்கிப் பார்த்தபோது பாயில் ஐந்து பேர் இருந்தார்கள், அதில் ஒருத்தன் தூக்கம். மற்றவர்கள் செய்தித்தாள் மூலையில் தாத்தா ஒருவரின் கைத்தடியை வைத்து ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேடம் கதவோரம் நின்றிருந்தார். ஏதாவது திட்டித் தொலைக்கக் கூடாதா.

வீட்டில் "எப்படிடி போச்சு?" என்றாள் அம்மா. நல்லாப் போச்சுன்னு சொன்னேன். பொய். பால்கனிக்குப் போய் ரம்பத்தைப் போட்டேன். ஒரு கோழி அறுத்தேன். ஒரே பிளேடு. உடையவில்லை. இங்கே வருது, அங்கே மட்டும் ஏன் வர மாட்டேங்குது? அதே ஆள்தானே?

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஒன்று கவனித்தேன்.

காலை முழுக்கத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து தன் வகுப்புக் கதை சொன்னாள். நான் பூனையின் வாலை அறுத்துக்கொண்டே பதில் சொன்னேன். கேலி செய்தேன். அவள் வாத்தியார் மாதிரிப் பேசிக் காட்டினேன். இரண்டு மணி நேரம்! அப்புறம்தான் உறைத்தது. அவள் பார்த்தது பிளேடை. நான் பார்த்ததும் பிளேடை. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அப்படியானால் குழந்தைகள் கையில் ஏதாவது இருந்துவிட்டால்? அவர்கள் அதைப் பார்ப்பார்கள். என்னைப் பார்க்க மாட்டார்கள்.

ஆளுக்கொரு விலங்கு. எல்லோருக்கும் ஒரே விலங்கு. அவளுக்கு மட்டும் ஏன் முயல், எனக்கேன் ஆமை என்ற சண்டை வரக் கூடாது. யானை. கால் தடி, கழுத்தே கிடையாது, ஒடிய ஒன்றுமில்லை. ஏழு துண்டு: தலை, துதிக்கை, காது, முதுகு, முன்கால், பின்கால், வால். இருபது யானை.

ஜூன் 10, செவ்வாய்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். ஒரு தாளில் எழுதி நீட்டினேன் என்பதுதான் உண்மை. படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அடுத்த இரண்டு சனிக்கிழமை அவரே கதை சொல்வார். இருபத்தெட்டாம் தேதி என்னுடையது. அதுதான் கடைசி.

ஜூன் 12, வியாழன்

அப்பா வேனில் ஒரு மூட்டை கட்டில் சட்டத் துண்டுகள் கொண்டுவந்தார். கடையின் பட்டறையில் மிஞ்சியது. ஒரு அங்குல கனம், யானை நிற்க அதுவே போதும். வெளிர் மஞ்சள், சில துண்டில் தேன் நிறத்தில் கோடு. "பட்டறைக்காரன் எதுக்குன்னு கேட்டான். யானை செய்யன்னேன். உடம்பு சரியில்லையான்னு கேட்டான்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

ஆறு யானை!

ஒரே படத்தை நகல் எடுத்து ஒவ்வொரு துண்டிலும் ஒட்டிக்கொண்டேன். முதலில் வெளிக்கோடு. யானை முழுதாகக் கையில் வந்துவிடும். அப்புறம் உள்ளே நெளிந்து நெளிந்து போய் ஏழாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் அடுத்ததன் இடுப்பில் ஒரு குமிழைச் செருகிப் பிடித்துக்கொள்ளும். குமிழைச் சுற்றிப் பிளேடு திரும்பும்போது நான் மூச்சு விடுவதில்லை. திரும்பி முடிந்ததும் விடுகிறேன். தங்கை இதைக் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து விடுகிறாள்.

ஜூன் 18, புதன்

பதினொன்று. தலைமுடி, காது, புருவம், டீ – எல்லாவற்றிலும் மரத்தூள். அம்மா டீயை ஊதிக் குடித்தாள்.

ஜூன் 20, வெள்ளி

அம்மாவே கேட்டாள்: "அந்த உப்புத்தாளக் குடு, சும்மாதானே இருக்கேன்." சலவைக் கடையில் பகல் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வந்தவள் சும்மா இருக்கிறாளாம். ஒரு காதை எடுத்துத் தேய்த்தாள். சட்டைக் காலர் தேய்க்கிற அதே கை, ஓரத்திலிருந்து நடுவுக்கு. கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"கொழந்தைங்க கைல குத்தக் கூடாதில்ல" என்றாள். மரம் அறுப்பதைப் பற்றி அவள் புகார் சொல்லி ஒரு வாரமாகிறது.

ஜூன் 22, ஞாயிறு

முடிந்தது. இருபது. நூற்று நாற்பது துண்டு.

ஏழு பிஸ்கட் டப்பா எடுத்தேன். எல்லாத் தலைகளும் ஒரு டப்பாவில். எல்லாத் துதிக்கைகளும் ஒரு டப்பாவில். இப்படியே ஏழு. ஒவ்வொன்றுக்கும் என் அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டினேன்: 'காது – 20', 'வால் – 20'. நூலகத்தில் வகைப்படுத்துவது போலவே. அப்பா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "படிச்சவ வேலைன்னா இதுதான்" என்றார். நான் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இனி எண்ணெய் தடவிக் காய வைக்க வேண்டியதுதான்.

ஜூன் 24, செவ்வாய்

டப்பா டப்பாவாக எண்ணெய் தடவிப் பால்கனிச் சுவர் மேல் வரிசையாகக் காய வைத்தேன். இருபது வால் வரிசையாக நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்தினார்.

ஜூன் 26, வியாழன்

நான் ஒரு முட்டாள். பட்டம் வாங்கிய முட்டாள்.

சாயங்காலம், எல்லாம் காய்ந்துவிட்டதே, ஒன்றைச் சேர்த்துப் பார்ப்போம் என்று ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு துண்டு எடுத்தேன். துதிக்கை தலைக்குள் போகவில்லை. எண்ணெயில் உப்பியிருக்கும் என்று வேறு துதிக்கை எடுத்தேன். அது உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது. வேறு. வேறு.

அப்புறம் புரிந்தது. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

படம்தான் ஒன்று. கை ஒன்றாகவா போனது? ஒவ்வொரு யானையிலும் பிளேடு ஒரு மயிரிழை இந்தப் பக்கம், ஒரு மயிரிழை அந்தப் பக்கம் போயிருக்கிறது. ஒரே அறுப்பின் இரண்டு கரைதான் ஒன்றோடொன்று சேரும். வேறு யானையின் கரையோடு சேராது. யானை யானையாகப் பையில் போட்டு வைத்திருக்க வேண்டியதை நான் என்ன செய்தேன்? சீட்டு ஒட்டினேன். அழகான கையெழுத்தில்.

படங்களையும் தேய்க்கும்போதே உரித்து எறிந்தாயிற்று. எது எதனுடையது என்று ஒரு அடையாளம் இல்லை. நாளை மறுநாள் சனிக்கிழமை. என்ன செய்யப் போறேன்? திரும்பவும் அந்தப் புத்தகத்த மூஞ்சிக்கு நேரா புடிச்சுட்டு உக்காரவா?

அம்மா எட்டிப் பார்த்தாள். டப்பாக்களைப் பார்த்தாள். "நான் கடையில ஒருத்தர் துணிய இன்னொருத்தர் துணியோட கலந்தா மொதலாளி என்ன சொல்வாரு தெரியுமா?" என்றாள். என்ன சொல்வார் என்று சொல்லவில்லை. சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, பாதியில் சிரிப்பாகிவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

அப்பா சீக்கிரம் வந்தார். முன்னறையில் மேசையை ஓரம் தள்ளினோம். ஏழு டப்பாவையும் தரையில் கொட்டினேன். நால்வரும் சுற்றி உட்கார்ந்தோம்.

முதல் அரை மணி நேரம் ஒரு யானைகூடச் சேரவில்லை. பிறகு தங்கை ஒரு தலையைக் கையில் வைத்துக்கொண்டு, "தேன் கலர் கோடு போட்ட துதிக்கை யார்கிட்ட இருக்கு? யார்கிட்ட? சீக்கிரம்" என்று ஏலம் விட ஆரம்பித்தாள். அப்பாவிடம் இருந்தது. தர மாட்டேன் என்றார். "மொதல்ல எனக்கு ஒரு காது காட்டு." அம்மா இரண்டு பேரையும் ஏமாற்றி முதுகுக்கு அடியில் வாலை ஒளித்து வைத்திருந்தாள்.

"அம்மா, அது என் வால்" என்றாள் தங்கை.

"உன் வாலா? உனக்கு எப்போ மொளைச்சது?"

அப்பா சிரித்ததில் இருமல் வந்து தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. நான் எழுந்து நின்று, எல்லோர் கையையும் பார்த்து, "முன்கால் வேணும், முழங்கால்ல ஒரு புள்ளி இருக்கற முன்கால், யார் வெச்சிருக்கீங்க, மறைக்காதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். நான். கத்திக்கொண்டிருந்தேன். கீழிருந்து இரண்டு தட்டு வந்தது. ரம்பம் ஓடாமலே தட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை.

ஒன்பது யானைகள் நின்றன. மிச்சம் பதினொன்று தரையில் கிடந்தன. "கை கழுவிட்டு வா, சாப்ட்டு பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

நான் ஒன்பதையும் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கலைத்து மிச்சத்தோடு போட்டேன்.

அம்மா "ஐயோ" என்றாள். அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தங்கைக்கு மட்டும் உடனே புரிந்தது. பேசாமல் என்னோடு சேர்ந்து எல்லாவற்றையும் மறுபடி கலக்கினாள். வானொலி பேசாமல் இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இருபது துணிப் பை, குழந்தைக்கு ஒன்று; நாங்கள் தேடியது போல அவர்களும் தேடட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு தலை, ஒரு துதிக்கை, ஒரு காது... எது யாருடையதோ. கடைசிப் பையில் பின்கால் இல்லை. எண்ணினேன், மறுபடி எண்ணினேன். பின்கால் பத்தொன்பதுதான். வீடு முழுக்கத் தேடினோம். சோபாவுக்கடியில் என் கல்லூரி அடையாள அட்டை கிடைத்தது. கால் கிடைக்கவில்லை.

ஆக, நாளை ஒரு யானை நிற்காது. அது யாருடையது என்று கடைசிவரை தெரியாது. நான் எழுந்து நின்று இதை எல்லோருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விளையாட்டே இல்லை. இதுவரை முகத்தை மறைக்கத்தான் யானை செய்தேன். என்ன செய்து வைத்திருக்கிறேன் பார்.

ஜூன் 28, சனி

பதினெட்டுக் குழந்தைகள் வந்தார்கள். பை இருபது.

அதை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு பை மிஞ்சினால் பதினான்கு துண்டு ஆட்டத்துக்கு வெளியே போய்விடும். யாருடைய யானையும் முடியாது. பத்தரை மணி. குழந்தைகள் பைகளைக் குலுக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் செய்தித்தாள் மூலைக்குப் போனேன். கைத்தடித் தாத்தாவிடம், "ஐயா, ஒரு யானை சேக்கணும், வர்றீங்களா?" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் செய்தித்தாளை மடித்தார். "எவ்வளவு பெரிய யானை?" என்று கேட்டார்.

அடுத்து மேடம் அறைக் கதவு. தட்டினேன். "மேடம், ஆள் குறையுது. நீங்க வரணும்."

"நான் பாக்கத்தானேம்மா வர்றதா இருந்தேன்."

"பாத்தா பத்தாது மேடம்."

இதைச் சொன்னது நான். தேதியைக் குறித்துக்கொள்கிறேன்.

பாயின் நடுவில் நின்றேன். இருபது முகம். ஒரு தலையை எடுத்து உயரப் பிடித்தேன்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றேன். அவ்வளவுதான், அறை அமைதியாகிவிட்டது. பெரியவர்கள் தப்பு செய்த கதை என்றால் குழந்தைகளுக்கு அவ்வளவு ஆர்வம். டப்பாக் கதையைச் சொன்னேன். சீட்டு ஒட்டியதைச் சொன்னபோது முன்வரிசை சிரித்தது. "இப்போ உங்க கைல இருக்கற தலைதான் உங்க யானை. அதோட மத்த உறுப்பெல்லாம் இந்த அறையில யார்கிட்டயோ இருக்கு. கேட்டு வாங்கணும். அதுக்குப் பதிலா உங்ககிட்ட இருக்கறதக் குடுக்கணும். ஒரு யானைக்கு மட்டும் பின்கால் கெடையாது. அது யாரோடதுன்னு எனக்கும் தெரியாது."

"அக்கா, தள்ளி இடிச்சு உள்ள விடலாமா?" என்றது ஒரு குரல்.

"சரியானது இடிக்காமலே போகும்."

பிறகு என்ன நடந்தது என்று வரிசையாக எழுத முடியவில்லை. சந்தை. ஒருத்தி துதிக்கையை மூக்கில் வைத்துக்கொண்டே எல்லோரிடமும் போய் நின்றாள். இரண்டு பேர் ஒரே காதுக்குச் சண்டை போட்டு, இருவருக்கும் பொருந்தாமல் சமாதானமானார்கள். மேடம் முட்டி போட்டு ஒரு ஆறு வயதுக்காரனிடம், "இந்த முதுகைக் கொஞ்சம் காட்டுப்பா" என்று கெஞ்ச, அவன் "மொதல்ல உங்க வாலக் காட்டுங்க" என்றான். மேடம் காட்டினார். "இது வேணாம்" என்று போய்விட்டான். தாத்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே கைத்தடியால் ஆட்களை நிறுத்தி வியாபாரம் செய்தார்.

ஜன்னலோரம் ஒரு சிறுமி மட்டும் யாரிடமும் போகவில்லை. துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது மாதிரியே. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேசு என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை என்னிடம் சொன்னவர்களை எனக்குத் தெரியும். தனக்கு வேண்டாத துண்டுகளைத் தன் முன்னால் வரிசையாக வைத்தாள், கடை பரப்பியது போல. தேடி வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் வந்தார்கள். அவர்கள் கையிலிருப்பதில் தனக்கானதை விரலால் தொட்டுக் காட்டினாள். முதலில் யானையை முடித்தது அவள்தான். வாயைத் திறக்கவே இல்லை.

ஒரு மணி நேரம் போதவில்லை. ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அழைத்துப்போக வந்த அம்மா அப்பாக்களும் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது பத்தொன்பது யானை நின்றது.

நிற்காதது மேடத்துடையது. பின்புறம் தரையில் உட்கார்ந்த யானை. குழந்தைகள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். "மேடத்துக்குக் கால் இல்ல" என்று ஒருவன் அறிவித்தான்.

மேடம் யானையை எடுத்துக்கொண்டு போய்த் தன் மேசையில் முத்திரைக் கட்டையின் மேல் சாய்த்து வைத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கால் வராம நான் அந்த அறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். விளையாட்டுதானே?

ஜூன் 29, ஞாயிறு

புதிதாக ஒரு கால் அறுக்கலாம் என்று தங்கை சொன்னாள். அறுக்கலாம். அந்த அறுப்பின் கரை மறுபடி வராது. நேற்று அத்தனை குழந்தைகளிடம் சரியானது இடிக்காமல் போகும் என்று சொல்லிவிட்டு, நான் தேய்த்து இடித்து ஒன்றை உள்ளே விடுவதா?

பால்கனிச் சுவரைப் பார்த்தேன். காய வைத்த இடம். கீழே எட்டிப் பார்த்தேன். மாமாவின் பூந்தொட்டிகள்.

மூன்று தட்டு வராமல் நானே கீழே போனேன். அப்பா துணைக்கு வரவா என்றார், வேண்டாம் என்றேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். மூன்று வருடமாக மேலே இருக்கிறோம், நான் அவரோடு பேசியதே இல்லை.

"மாமா, மரத்துல ஒரு சின்னத் துண்டு... யானையோட கால்... உங்க தொட்டில விழுந்துச்சா?"

"யானைக் காலா? இல்லையே. ஒரு ஆப்பு விழுந்துச்சு. நல்ல ஆப்பு."

சாப்பாட்டு மேசைக்கடியில் காட்டினார். ஆடுகிற மேசைக் காலுக்கடியில் என் பின்கால், நான் செதுக்கிய நகங்களோடு, சமர்த்தாக மேசையைத் தாங்கிக்கொண்டிருந்தது. "செவ்வாக்கெழமைலேருந்து மேசை ஆடவே இல்ல" என்றார், கொஞ்சம் சோகமாக.

மேலே ஓடி வந்து ஒரு துண்டு எடுத்து, அவர் மேசைக்கென்றே அளந்து ஒன்று அறுத்தேன். ரம்பம் ஓடியபோது கீழிருந்து தட்டு வரவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நகம் இல்லையே" என்றார். மறுபடி மேலே வந்து நகம் வைத்தேன்.

ஜூன் 30, திங்கள்

கால் இடிக்காமல் போனது. மேடம் பேனா எடுத்தார்.

ஜூலை 12, சனி

துண்டுகளின் அடியில் எண் எழுதிவிட்டால் இனி கலக்காது என்று பெற்றோர் ஒருவர் யோசனை சொன்னார். குழந்தைகள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "கலந்துதான் வேணும்." இன்று இருபத்தாறு பேர்; சிலர் இரண்டு பேராக ஒரு யானையைச் சேர்த்தார்கள். அடுத்து ஆமை. தாத்தா தனக்கு யானையே போதும் என்கிறார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தொண்டை கட்டி ஒரு வாரம். காற்றுதான் வருகிறது, குரல் வரவில்லை. அம்மா லீவு போட்டு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார்.

"ரொம்பப் பேசறீங்க. தொண்டை புண்ணாயிருக்கு. மூணு நாள் வாயே திறக்கக் கூடாது."

அம்மா அவரையே பார்த்தாள். "டாக்டர், அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அவர் மறுபடியும் சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மாத்திரைச் சீட்டு வாங்கும்வரை சிரித்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். விளக்கிச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டாம் நாள். ரம்பமும் போடவில்லை, தூள் தொண்டைக்கு ஆகாதாம். சாயங்காலம் கீழிருந்து தட்டு கேட்டது. ஒன்றே ஒன்று. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாததால் தங்கை இறங்கிப் போய்க் கேட்டாள். "ஏன் சத்தமே இல்ல, பொண்ணு நல்லா இருக்காளா?" என்றாராம்.

ஒரு தாளில் பதில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். இரண்டு பக்கம் வந்துவிட்டது.

இன்னும் ஒரு நாள். எப்படித்தான் இருப்பதோ.